மறந்துவிட வேண்டிய முதலீடும் மறக்கக் கூடாத முதலீடும்

“மனிதர்கள் தங்கள் வாழ்க்கையில் செய்கிற புத்திசாலித்தனமான முதலீடுகள் எவை?” என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கமான பதில் எல்லோருக்கும் மனப்பாடம். உடல்நலம், படிப்பு, நல்ல உறவு, கொஞ்சம் பங்கு, கொஞ்சம் நிலம். தப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியலைப் படித்து யாரும் மாறியதாகத் தெரியவில்லை. நானும் மாறவில்லை.

இருபது வருடத்துக்கு மேலாக மற்றவர்களுடைய கணக்கு வழக்கைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. யார் எங்கே பணம் போட்டார்கள், எப்போது எடுத்தார்கள், பின்னால் எதற்காக வருத்தப்பட்டார்கள் என்பதெல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். அதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: முதலீடுகளில் இரண்டு ரகம் உண்டு. போட்டுவிட்டு மறந்தால் வளர்கிற ரகம் ஒன்று. மறந்தால் செத்துப்போகிற ரகம் இன்னொன்று. பணம் முதல் ரகம். உடம்பும் மனிதர்களும் இரண்டாவது. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பணத்தை நாளைக்குப் பத்துத் தடவை எட்டிப் பார்க்கிறோம். உடம்பையும் நண்பர்களையும் ‘அது பாட்டுக்கு இருக்கும்’ என்று விட்டுவிடுகிறோம்.

பணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பெரும்பாலானவர்கள் மனசில் இருப்பது அதுதான்.

அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1790-இல் இறந்தபோது பாஸ்டன், பிலடெல்பியா ஆகிய இரண்டு நகரங்களுக்கும் தலா 1,000 பவுண்டு எழுதிவைத்தார். 25 வயதுக்குக் கீழே உள்ள, திருமணமான கைத்தொழிலாளர்களுக்கு அதை 5 சதவீத வட்டியில் கடனாகக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். 100 வருடம் கழித்து ஒரு பகுதியை எடுக்கலாம், மீதியை எடுக்க 200 வருடம் ஆக வேண்டும் என்பது நிபந்தனை. 100 வருடத்தில் ஒவ்வொரு ஆயிரமும் 1,31,000 பவுண்டாகும் என்று அவரே கணக்கும் போட்டிருந்தார். அவ்வளவு வரவில்லை. வாங்கிய சிலர் திருப்பித் தரவில்லை, பிறகு தொழில் உலகமே மாறி அந்தக் கடனைக் கேட்க ஆள் குறைந்துபோனது. அப்படியும் 1990-இல் கெடு முடிந்தபோது பாஸ்டன் கணக்கில் ஏறக்குறைய 50 லட்சம் டாலரும் பிலடெல்பியா கணக்கில் சுமார் 20 லட்சம் டாலரும் இருந்தன. 200 வருட விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் இது ஒன்றும் பிரமாதமான வருமானம் இல்லை. எனக்கு அதில் பிடித்தது அந்தப் பூட்டுதான். யாரும் நினைத்த நேரத்தில் கை வைக்க முடியாது. பாதிக் காரியம் அதிலேயே முடிந்துவிட்டது.

அந்தப் பூட்டு எதற்கு என்று எளிதாகக் காட்டலாம். 72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் பணம் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 8 சதவீதம் என்றால் 9 வருடம். 27 வயதில் போட்ட ஒரு தொகை 36-இல் இரண்டு மடங்கு, 45-இல் நான்கு, 54-இல் எட்டு, 63-இல் பதினாறு. கடைசி 9 வருடத்தைப் பாருங்கள். முதல் 27 வருடத்தில் சேர்ந்த லாபம் ஏழு மடங்கு, கடைசி 9 வருடத்தில் மட்டும் சேர்வது எட்டு மடங்கு. நடுவில் ஒரு தடவை பதறி எடுத்தவர் இழப்பது அன்றைய பத்து சதவீதத்தை இல்லை, இந்தக் கடைசி எட்டை.

பதறி எடுத்தவர்களில் நானும் ஒருவன். மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்பவன் என்பதால் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2020 மார்ச்சில் உலகம் முழுக்கப் பங்குச் சந்தை விழுந்தபோது என் போனில் இருந்த ஆப்பை ராத்திரி பல் தேய்க்கும்போதுகூடத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு எண்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தன. ஒருநாள் விடிகாலை, மனைவி எழுவதற்குள், பாதியை விற்றேன். விற்றதும் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதிக்குத்தான் நான் விலை கொடுத்திருக்கிறேன். அமெரிக்கச் சந்தையின் எஸ் அண்டு பி 500 குறியீடு பிப்ரவரி உச்சத்திலிருந்து 34 சதவீதம் சரிந்து மார்ச் 23-இல் அடியைத் தொட்டது. ஆகஸ்ட் முடிவதற்குள் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. ஐந்தே மாதம். பார்க்காமல் இருந்திருந்தால் விழுந்ததே எனக்குத் தெரிந்திருக்காது.

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் கட்டிய ஒரு பந்தயம் உண்டு. 2008 தொடங்கி 10 வருடத்தில், கெட்டிக்கார நிர்வாகிகள் தேர்ந்தெடுத்த ஐந்து ஹெட்ஜ் ஃபண்ட் (பெரும் பணக்காரர்களுக்காக அதிகக் கட்டணத்தில் நடத்தப்படும் ஃபண்ட்) தொகுப்புகளை, யாரும் தேர்ந்தெடுக்காமல் சந்தை முழுவதையும் அப்படியே பிரதிபலிக்கிற ஒரு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்ட் ஜெயிக்கும் என்றார். முதல் வருடமே இண்டெக்ஸ் ஃபண்ட் 37 சதவீதம் விழுந்தது. ஐந்து தொகுப்புகளுமே அதைவிடக் குறைவாகத்தான் விழுந்தன. அன்றைக்குப் பார்த்தவர்கள் பஃபெட் தோற்றுவிட்டார் என்றுதான் நினைத்திருப்பார்கள். 2017 கடைசியில் கணக்குப் பார்த்தபோது இண்டெக்ஸ் ஃபண்ட் 125.8 சதவீதம் கூடியிருந்தது. ஐந்தில் நன்றாக ஓடியது 87.7 சதவீதம், மோசமானது 2.8. கெட்டிக்காரர்கள் முட்டாள்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களுடைய கட்டணமும், கட்டணத்தின் மேல் கட்டணமும் லாபத்தைத் தின்றுவிட்டன.

கட்டணத்தை யாரும் மதிப்பதில்லை. ஒரு சதவீதம்தானே என்பார்கள். வருடம் 7 சதவீதம் வளர்கிற பணம் 40 வருடத்தில் கிட்டத்தட்ட 15 மடங்காகும். அதில் ஒரு சதவீதம் கட்டணமாகப் போய் 6 சதவீதமானால் 10 மடங்கு சொச்சம். சும்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை நான் இந்த இடத்தில்தான் சொல்வேன்.

பணம் பற்றி இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக.

ஒன்று கடன். 24 சதவீத வட்டியில் கடன் இருக்கும்போது 10 சதவீதம் தரும் திட்டத்தைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கடனை அடைப்பதுதான் 24 சதவீத லாபம், அதுவும் உத்தரவாதமாக. அப்படி ஒரு முதலீட்டை வேறு யாராவது விளம்பரம் செய்தால் போலீஸைக் கூப்பிட வேண்டியதுதான்.

இரண்டாவது, அவசரத்துக்கு ஒதுக்கி வைக்கிற பணம். ஆறு மாதச் செலவுக்கானதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றால், அது வட்டியே தராதே என்று முகம் சுளிப்பார்கள். என்னோடு முன்பு வேலை பார்த்த ஒருவர், சரக்கு இருப்புக் கணக்கில் இல்லாததை இருப்பதாகக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னபோது, பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சண்டையில்லை, வசனமில்லை. அடுத்த நாள் ராஜினாமா. வேறு வேலை கிடைக்க நான்கு மாதம் ஆனது. “எப்படிடா தைரியம் வந்தது?” என்று பின்னால் கேட்டேன். “தைரியமெல்லாம் இல்ல. ஆறு மாசத்துக்கு இருந்துச்சு” என்றார். அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்ட இன்னொருவர் பல வருடம் விசாரணைக்கு அலைந்தார். சேமிப்புக் கணக்கில் தூங்கிய அந்தப் பணத்துக்கு அன்றைக்கு எத்தனை சதவீதம் வட்டி விழுந்தது என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

சரி, பணம் போதும். சம்பளம் வந்த அன்றே தானாக ஒரு தொகை போகும்படி செய்துவிட்டு, வருடத்துக்கு ஒருநாள் உட்கார்ந்து பார்த்தால் போதுமான விஷயம் அது.

இப்போது மறந்தால் செத்துப்போகிற ரகம்.

1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்தில் ஆரோக்கியமான ஐந்து 20 வயது இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். முழு வேகத்தில் உழைக்கும்போது உடம்பு எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்பதை முன்னும் பின்னும் அளந்தார்கள். மூன்றே வாரத்தில் கால்வாசிக்கு மேல் குறைந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் அது ஒரு சாதாரண ஆராய்ச்சி. 30 வருடம் கழித்து, 50 வயதில், அதே ஐந்து பேரையும் மறுபடி கூப்பிட்டு அளந்தார்கள். 30 வருட வயோதிகம் எடுத்துக்கொண்டதை விட, இளமையில் அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டது அதிகம் என்று தெரிந்தது. அப்புறம் ஆறு மாதம் நடை, மெதுவான ஓட்டம், சைக்கிள் என்று பயிற்சி கொடுத்தார்கள். 20 வயதில் பயிற்சி இல்லாமல் இருந்தபோது என்ன அளவு இருந்ததோ, அந்த அளவுக்கே திரும்பி வந்தார்கள்.

எனக்கு இதில் ஆச்சரியம், இந்தக் கணக்கு வங்கிக் கணக்கு போலவே இல்லை என்பதுதான். போன வருடம் ஓடிய ஓட்டத்துக்கு இந்த வருடம் வட்டி கிடையாது. சேர்த்து வைக்கவே முடியாது. ஆனால் எவ்வளவு தாமதமாக வந்து போட்டாலும் வாங்கிக்கொள்கிறது. வேறு எந்த வங்கி இப்படிச் செய்யும்?

உடல் உழைப்புக்கும் ஆரோக்கியத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய ஆரம்பித்தவர்களில் ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் முக்கியமானவர். லண்டன் இரட்டை மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர், நடத்துனர் இருவரையும் ஒப்பிட்டு 1953-இல் எழுதினார். ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே மாதிரி குடும்பப் பின்னணி. ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். நடத்துனர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது, வந்தாலும் அதில் இறந்தவர்கள் குறைவு. ஜிம்மில் போட்டோ எடுத்துப் போடுகிறவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நடத்துனர்கள் ஞாபகம் வரும். அவர்கள் உடற்பயிற்சி செய்வதாக ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார்கள். மாரிஸ் கண்டுபிடித்ததைத் தானே கடைப்பிடித்தார். 99 வயது வரை இருந்தார்.

என் சித்தி 68 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறிவு சின்னதுதான். ஆனால் ஏழு வாரம் கட்டிலில். கட்டுப் பிரித்த பிறகு நாற்காலியிலிருந்து எழவே முடியவில்லை. உடைந்தது கை, எழ மறுத்தது தொடை! பிசியோதெரபிஸ்ட் பெண் வந்து பார்த்துவிட்டு, பெரிய பயிற்சி எதுவும் சொல்லவில்லை. “இந்த நாற்காலியில இருந்து கையை ஊனாம எழுந்து உட்காருங்கம்மா. தினமும். அவ்வளவுதான்” என்றார். முதல் நாள் நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சித்தி இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, முன்னால் குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு ஒன்று எழுந்தார். இரண்டாவதுக்கு முழங்கால் நடுங்கியது. மூன்றாவது தடவை பாதி எழுந்து அப்படியே தொப்பென்று உட்கார்ந்துவிட்டு, “இது என்ன கால்டா, யாரோடதோ மாதிரி இருக்கு” என்றார். சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. அன்றிலிருந்து பழைய டைரி ஒன்றில் தேதி போட்டு எண்ணிக்கை எழுத ஆரம்பித்தார். 2, 3, 3, 4, ஒருநாள் ஜுரம் என்று ஒரு கோடு, மறுபடி 3. மூன்று மாதத்தில் 15 வந்தது. அந்த வாரம்தான் யார் துணையும் இல்லாமல் மாடிக்குப் போய் உலர்த்திய துணியை எடுத்து வந்தார்.

என் தொழிலில் எத்தனையோ லெட்ஜர் பார்த்திருக்கிறேன். அந்த டைரி மாதிரி ஒன்று பார்த்ததில்லை.

புகைப்பழக்கத்தை விடுவது பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இவ்வளவு துல்லியமாக லாபக் கணக்கு வேறு எதற்கும் கிடைப்பதில்லை. ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் 1951-இல் பிரிட்டனில் 34,000-க்கு மேற்பட்ட ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனிக்க ஆரம்பித்தார்கள். 50 வருடக் கணக்கு 2004-இல் வந்தது. விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகச் சுமார் 10 வருட ஆயுளை இழந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு 3 வருடம் திரும்பக் கிடைத்தது, 50-இல் விட்டவர்களுக்கு 6, 40-இல் விட்டவர்களுக்கு 9, 30-இல் விட்டவர்களுக்கு ஏறக்குறைய முழுப் பத்தும். மருத்துவர்களே தங்களைப் பற்றிக் கொடுத்த கணக்கு என்பதால் மறுத்துப் பேசுவது கடினம். டாலும் புகைத்துக்கொண்டிருந்தவர்தான். இதற்கு முன்பு நடத்திய ஆய்வின் முடிவுகளைப் பார்த்ததுமே நிறுத்திவிட்டார்.

தூக்கம், பல், கண் இதெல்லாம் உங்களுக்கே தெரியும். பல்லை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம். தினம் நான்கு நிமிடத்தை மிச்சம் பிடித்து அறுபது வயதில் அதற்கு வட்டியும் முதலுமாகக் கட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

அடுத்தது மனிதர்கள். இதில்தான் நான் மோசமான முதலீட்டாளன்.

கல்லூரியில் என் அறைத் தோழன் ஒருவன். ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள், என் முதல் இன்டர்வியூவுக்கு நான் போட்டுக்கொண்டு போனது அவன் சட்டை. வேலை கிடைத்து ஆளுக்கு ஒரு திசையில் போனோம். ‘கூப்பிடணும்’ என்று நினைக்காத மாதமில்லை. நினைப்பதே கூப்பிட்ட மாதிரி ஒரு திருப்தியைக் கொடுத்துவிடும், அதுதான் சிக்கல். ஒருநாள் வேறொருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அவன் அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிவிட்டது எனக்குத் தெரிந்தது. அந்த அம்மா எனக்கு எத்தனையோ தடவை பஸ் ஏற்றிவிட்டு, வண்டி நகரும் வரை நின்றவர். உடனே கூப்பிட்டேன். “ஏன்டா சொல்லல?” என்று என்னால் கோபமாகக் கேட்கக்கூட முடியவில்லை. அவன்தான் சொன்னான்: “நீ பிஸியா இருப்பேன்னு நினைச்சேன்டா.” அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறான். அது தைத்த மாதிரி வேறு எதுவும் என்னைத் தைத்ததில்லை.

நட்புக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் கணக்கிட்டு வெளியிட்டார். தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராக மாறச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லும் அளவுக்கு 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். அதிலும் சேர்ந்து வேலை பார்த்த நேரம் அவ்வளவாக உதவவில்லை. சும்மா பேசிக்கொண்டு, சேர்ந்து எங்கேயாவது சுற்றிக்கொண்டு கழித்த நேரம்தான் கணக்கில் வந்தது. வாரத்துக்கு 2 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 200 மணிக்கு ஏறக்குறைய இரண்டு வருடம். இளமையில் ஒரே அறையில் தங்கியவர்களுக்கு அது இரண்டு மாதத்திலேயே கிடைத்துவிடும். நாற்பது வயதுக்காரருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று பாருங்கள். ஏற்கனவே 200 மணி நேரம் போட்டு வைத்திருக்கிற பழைய நண்பரைக் கைவிடுவது, நன்றாக விளைகிற நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு வேறு இடத்தில் காடு வெட்டப் போவது மாதிரி.

நெருங்கியவர்கள் மட்டும் இல்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 56 பேர். வருடத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் என்றவர்கள் 28 பேர். யோசித்தால் நியாயம்தான். நம் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். தூரத்தில் இருப்பவருக்குத்தான் நமக்குத் தெரியாத செய்தி தெரியும். இதைப் படித்துவிட்டு லாபத்துக்காக ஆள் சேர்க்கக் கிளம்பிவிடாதீர்கள், அந்த வாசனை எதிராளிக்கு உடனே வந்துவிடும். பழைய சக ஊழியர் ஒருவர் நன்றாகச் செய்த வேலையைப் பார்த்தால் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அவ்வளவு போதும்.

1938-இல் ஆரம்பித்த ஹார்வர்ட் ஆய்வை இந்த இடத்தில் எல்லோரும் எடுத்துப் போடுவார்கள். 724 ஆண்களை முதுமை வரை தொடர்ந்து பார்த்தது அது. 50 வயதில் உறவுகளில் திருப்தியாக இருந்தவர்கள்தான் 80 வயதில் ஆரோக்கியமாக இருந்தார்கள், அந்த 50 வயதுக் கொலஸ்ட்ரால் அளவைவிட இதுதான் பின்னால் நடக்கப்போவதை நன்றாகச் சொன்னது என்பது அதன் முக்கியமான முடிவு. எனக்கு அதில் ஒரு சின்னத் தயக்கம் உண்டு. நல்ல உறவு உடம்பைக் காப்பாற்றுகிறதா, நல்ல உடம்பும் நிம்மதியும் இருப்பவர்களுக்கு உறவு எளிதாக அமைகிறதா என்பதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் இரண்டில் எது உண்மையானாலும் நான் அந்தத் தோழனைக் கூப்பிட வேண்டியிருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது கூப்பிடுகிறேன். கை வேலையில் இருந்தால் பேச்சு நன்றாக வருகிறது. பெரும்பாலும் உருப்படியாக எதுவும் பேசுவதில்லை.

கல்வியை எந்த ரகத்தில் சேர்ப்பது? இது நடுவில் நிற்கிறது, அதனால்தான் எனக்கு சுவாரஸ்யமானது. ஹாரி பாரிக் என்ற உளவியலாளர் 1984-இல், பள்ளி கல்லூரியில் ஸ்பானிஷ் கற்ற 700-க்கு மேற்பட்டவர்களைச் சோதித்தார். சிலர் அப்போதுதான் படித்து முடித்தவர்கள், சிலர் படித்து 50 வருடம் ஆனவர்கள். முதல் சில வருடங்களில் மறதி வேகமாக நடந்தது. அதற்குப் பிறகு மிஞ்சியது அப்படியே 25, 30 வருடம் கரையாமல் நின்றது. எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தீர்மானித்தது, ஆரம்பத்தில் எவ்வளவு ஆழமாகக் கற்றார்கள் என்பதுதான். ஒரே ஒரு பாடத்திட்டத்தோடு நிறுத்தியவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சவில்லை.

அகல உழுவதைவிட ஆழ உழு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆன்லைனில் பாதியில் நிற்கிற ஆறு கோர்ஸ்கள் வைத்திருக்கிறவரைவிட, ஒன்றை மறக்க முடியாத அளவுக்குக் கற்றவர் பணக்காரர். அந்த அளவைத் தாண்டிவிட்டால் அது போட்டுவிட்டு மறக்கிற ரகம். தாண்டவில்லையென்றால் போட்டது அத்தனையும் கரைந்துபோகும். நீச்சல், சைக்கிள், பத்து விரலில் தட்டச்சு, கோர்வையாக எழுதுவது, ஒரு அட்டவணையைப் பார்த்து இதில் எங்கேயோ பொய் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, இவையெல்லாம் எனக்கு அப்படி. தட்டச்சைப் பதினேழு வயதில் அப்பா கட்டாயப்படுத்திக் கற்க வைத்தார். அவருடைய மற்ற முதலீட்டு யோசனைகள் எதுவும் உருப்படவில்லை, இது மட்டும் தினமும் பலன் தருகிறது.

இதே காரணத்தால்தான் குழந்தைக்குச் சிறு வயதில் சத்தமாகப் புத்தகம் படித்துக்காட்டுவதை நான் மிக உயர்ந்த இடத்தில் வைப்பேன். படிப்பது பழகிவிட்டால் அதற்குப் பிறகு நாம் போடுவதற்கு எதுவும் இல்லை, அது தானே போட்டுக்கொள்ளும்.

வாழ்க்கைத் துணையைத் தேர்ந்தெடுப்பதுதான் மிகப் பெரிய முதலீடு என்று ஒரு வாசகம் சுற்றுகிறது. உண்மையாக இருக்கலாம். ஆனால் தேர்ந்தெடுப்பதோடு முடிந்துவிடுகிற மாதிரி அது பேசுகிறது. இரண்டாம் ரகத்துக்கு அதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

எதையெல்லாம் முதலீடு என்று சொல்லி ஏமாற்றிக்கொள்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேவைக்கு மூன்று மடங்கு பெரிய வீடு செலவு, முதலீடு இல்லை. வாங்கிய அன்றிலிருந்து அது உங்களிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். செலவு செய்யுங்கள், சந்தோஷமாகச் செய்யுங்கள், ஆனால் பெயரை மாற்றாதீர்கள். காப்பீடும் முதலீடு இல்லை. வீடு எரியாத வருடத்தில் தீ விபத்துக் காப்பீட்டுப் பணம் வீண் என்று யாரும் அழுவதில்லை. இரண்டையும் ஒரே காகிதத்தில் கலந்து விற்பவர்களிடம், இரண்டுக்கும் தனித்தனியாக விலை சொல்லச் சொல்லுங்கள். முகம் மாறும்.

கடைசியாக, இந்த மாதிரி பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்பார்: “எனக்கு 55 ஆயிடுச்சு, இனிமே என்ன?” பணத்தைப் பொறுத்தவரை நேர்மையான பதில், கூட்டு வட்டி இனிமேல் பெரிதாகக் கை கொடுக்காது என்பதுதான். பதினாறு மடங்குக்கு இடமில்லை, ஒன்றோ இரண்டோ தடவை இரட்டிப்பாக இடம் இருக்கலாம். அதனால் வேகமாகப் பெருக்கித் தருகிறேன் என்று வருகிறவரிடம் இந்த வயதில்தான் அதிகமாக ஏமாறுகிறார்கள், அவசரம் இருப்பதால். கடனை அடையுங்கள், கட்டணத்தைக் குறையுங்கள், போதும். ஆனால் இரண்டாவது ரகத்தில் உங்களுக்கு எந்தக் கதவும் மூடவில்லை. அந்த டல்லஸ் ஆட்கள் ஆறு மாதப் பயிற்சியை ஆரம்பித்தது 50 வயதில். 60-இல் புகையை விட்ட மருத்துவருக்கு 3 வருடம் கிடைத்தது. சித்தி அந்த நாற்காலியில் முதல் தடவை எழுந்தது 68-இல். சித்தப்பாவுக்கு இப்போது 74, போன மாதம் அதே டைரியில் தன் பெயருக்கு ஒரு பக்கம் கோடு போட்டு வாங்கியிருக்கிறார். முதல் வரியில் 4 என்று எழுதியிருக்கிறார். சித்தி அதை நம்பவில்லை, 3-தான் என்கிறார்.